இன்பாக்ஸ் மாறிய புகார்கள்

"கண்ட குப்பையெல்லாம் என் இன்பாக்ஸ்ல வந்து விழுது! உன்னை எதுக்கு வேலைக்கு வெச்சிருக்கேன்?"

முதலாளி போட்ட சத்தத்தில் அலுவலகமே அடங்கிப் போனது. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவருடைய திரையை எட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து பதினேழு மெயில். பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, மாடிப்படியில் விளக்கு எரியவில்லை, லிஃப்ட் பாதியில் நிற்கிறது.

"இதெல்லாம் புகார்ப் பிரிவுக்குப் போக வேண்டியது. எவனோ மாத்திவிட்டிருக்கான். யாருன்னு கண்டுபிடி!"

"கண்டுபிடிக்கவே வேணாம் சார். நேத்து நான்தான் மாத்தினேன்."

அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "யாரைக் கேட்டு மாத்தினே?"

அவ்வளவு நேரம் அடக்கி வைத்த கோபம் அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது.

"புகார்ப் பிரிவுன்னு ஒண்ணு இருந்தாத்தானே சார் கேக்கறதுக்கு? வெறும் மெயில் முகவரிதான் இருக்கு. மூணு வருஷமா அதுக்கு வந்த மெயிலை ஒருத்தரும் திறக்கல. மாடிப்படி விளக்கைப் பத்தித் துப்புரவு அக்கா நாலு தடவை எழுதியிருக்காங்க. போன வாரம் அந்த இருட்டுல விழுந்து, இடுப்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்காங்க."

"அதுக்கு என் இன்பாக்ஸ்தான் கிடைச்சுதா?"

"புகார்ப் படிவத்துக்குக் கீழே, 'எல்லாப் புகாரும் என் நேரடிப் பார்வைக்கு வரும்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே சார்? இப்பதான் வருது."