ஒரு துவக்குப் போதும்

"மரை சுட ஒரு துவக்குப் போதும். மற்ற நாலையும் வித்துப்போடுங்கோ," என்றாள் றோசலின்.

ஜெயசிங்கம் காதில் விழாதவர்போலக் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். புலம்பெயர்ந்து வந்து குடியேறிய டார்னெய்ட்டில் அவர்களுடைய வீட்டுக் கராஜில், சுவரோடு சேர்த்துப் பூட்டிய இரும்பு அலுமாரிக்குள் ஐந்து துவக்குகள் நின்றன. எல்லாம் லைசென்சோடு முறையாக வாங்கியவை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நண்பர் யோகேஸ்வரனைக் கூட்டிக்கொண்டு மலைக்காட்டுப் பக்கம் போய்விடுவார். திரும்பி வர ஞாயிறு பின்னேரமாகும்.

அந்த மலைகளில் திரியும் மரைகள் ஒருகாலத்தில் இலங்கையிலிருந்தும் கொண்டுவந்து விட்ட இனம், ஆகவே மன்னார்க்காரனான தனக்கு அவற்றில் ஒரு பாத்தியதை உண்டு என்று விருந்துக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார். அவர்களும் றோசலின் வைத்த மரைக்கறியை இரண்டாந்தரம் போட்டுக்கொண்டே தலையாட்டுவார்கள்.

ஐந்துக்கும் அவரிடம் காரணம் இருந்தது. முயலுக்குச் சின்னது. பறக்கும் தாராவுக்குச் சொட்கன். மரைக்குக் கனத்த பெரிய றைபிள். மானுக்குக் கைக்கடக்கமான புதியது. ஐந்தாவது எதற்கு என்று றோசலின் கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, அது பார்க்க வடிவாயிருக்கிறது என்றார்.

பிறகு, குசினியில் அவளும்தான் ஏழெட்டுச் சட்டி வைத்திருக்கிறாள் என்று மடக்கப் பார்த்தார்.

"சட்டியில நான் உங்களுக்குச் சமைச்சுத் தாறன். உங்கட துவக்கில எனக்கு என்ன கிடைச்சது?"

அவர் திரும்பவும் குழலைத் துடைக்கத் தொடங்கினார். கல்யாணமான நாளிலிருந்து தானும் ஒருமுறை வேட்டைக்கு வருகிறேன் என்று அவள் கேட்காமலில்லை. காடு, குளிர், அட்டை, உமக்கு வெடிச்சத்தமே ஒத்துவராது என்று சிரித்துத் தட்டிவிட்டுப் போயிருந்தார். இப்போது அவள் கேட்பதில்லை. சனிக்கிழமைகளில் ஏதோ கிளப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பெண்களுக்கும் பொழுது போகவேண்டும்தானே என்று அவரும் விட்டுவிட்டார்.

ஒரு மாதம் பேச்சு இழுபட்டது. றோசலின் சண்டை பிடிக்கவில்லை. ஒரு ஞாயிறு பின்னேரம், குளிர்ப்பெட்டியோடு வந்து இறங்கியவரைக் குசினி வாசலிலேயே மறித்தாள்.

"அஞ்சும் இருக்கட்டும். ஆனா இனி மரை இறைச்சி இந்தக் குசினிக்குள்ள வரப்படாது."

அவர் யோகேஸ்வரனிடம் போய் முறையிட்டார். யோகேஸ்வரன் அதிகம் யோசிக்கவில்லை. "அண்ணை, துவக்குப் போனா வேறை வாங்கலாம். அக்காவின்ர கறி போனா எங்க போறது?" என்றார்.

அதோடு ஜெயசிங்கம் இறங்கி வந்தார்.

எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் மனம் ஊசலாடியது. புதியது கைக்குப் பஞ்சுபோல இருந்தது, குறியும் தப்பாது. பெரியது பாரம். ஆனால் பார்த்தவுடன் ஒரு மரியாதை வரும். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து றோசலின் சொன்னாள், "பெரியதை வைச்சிருங்கோ. உங்கட உயரத்துக்கும் தோளுக்கும் அதுதான் எடுப்பு."

ஜெயசிங்கத்துக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. விற்கச் சொன்னாலும் தன் புருசனின் கௌரவத்தில் அவளுக்கு அக்கறை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மற்ற நாலையும் நீளப் பெட்டிகளில் வைத்துப் பூட்டித் துவக்குக் கடையில் ஒப்படைத்தார். சில வாரங்களில் கடைக்காரர் அழைத்து, நாலையும் ஒரே ஆள் கேட்டிருப்பதாகவும், பொலிஸ் அனுமதியும் வந்துவிட்டதாகவும் சொன்னார். பிரிந்து போகாமல் ஒரே வீட்டுக்குப் போகின்றனவே என்று ஜெயசிங்கம் ஆறுதல்பட்டார். ஆனாலும் ஆள் யாரென்று விசாரித்தார். பெயர் சொல்வதற்கில்லை, ஆனால் நல்ல குறிகாரர் என்றார் கடைக்காரர். ஜெயசிங்கத்துக்கு அந்த முகம் தெரியாத ஆளின்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

துவக்குகள் கைமாறுகிற அன்று, கடைக்குப் போட்டு வாறன் என்று றோசலின் காரை எடுத்துக்கொண்டு போனாள். ஜெயசிங்கம் கராஜில் ஒரு கதிரையைப் போட்டு, அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒற்றைத் துவக்கு, எல்லோரும் இறங்கிப்போன பஸ்ஸில் கடைசி ஆள் மாதிரி நின்றது. ஒரு வேட்டைக்காரனுக்கு ஒன்று போதும், ஆசையைக் குறைப்பதும் ஒரு வீரம்தான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனம் கேட்கவில்லை.

கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "இஞ்சேருங்கோ, இதுகளை இறக்க ஒரு கை தாங்கோ," என்று றோசலின் கூப்பிட்டாள்.

அரிசி மூட்டையாக்கும் என்று எழுந்துபோன ஜெயசிங்கம், கார் டிக்கிக்குள் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அவர் கையாலேயே பூட்டிக் கொடுத்த நாலு நீளப் பெட்டிகளும் அங்கே கிடந்தன.

"சனிக்கிழமைக் கிளப்பில சுடப் பழகி லைசென்ஸ் எடுத்திட்டன், இனி வேட்டைக்கு ரெண்டு பேருமாப் போவம்," என்றபடி மானுக்கான புதிய றைபிள் பெட்டியை றோசலின் பக்குவமாகத் தூக்கிக்கொண்டாள். "அந்தப் பெரியது சுடேக்க தோளில இடிக்குமாம், அதுதான் அதை மட்டும் உங்களுக்கு விட்டனான்."