உருண்டைமேல் ஒரு நூல்

தையற்கடைக்குள் சாய்வெயில் விழுந்து கிடக்கிறது. கைபேசி வரைபடத்தில், மகள் ஏறிய விமானம் வடக்கே வளைந்து வளைந்து போவதைப் பார்த்துத் தையல்காரரின் மனைவி முகம் சுளிக்கிறாள். "நேரா போகாம ஏங்க ஊரச் சுத்துறான், ஆட்டோக்காரன் மாதிரி?" அவருக்கும் அதே குடைச்சல்தான். தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஊசியடியிலேயே விட்டுவிட்டு, மகளின் பழைய அட்டை பூகோள உருண்டையை எடுக்கிறார். அவள் கிளம்பிய ஊரிலும் இறங்கப்போகும் ஊரிலும் குண்டூசி குத்தி, நடுவே நூலை இழுத்துக் கட்டுகிறார். நூல் தானாகவே வழுக்கி மேலேறி, வடதுருவத்து வெள்ளைப் பனிமேல் விறைத்து நிற்கிறது. "அடியே, இதுதான் குறுக்கு வழி!" குழந்தையாகக் குதிக்கிறார். "போறதுக்குப் பதினாலு மணி நேரம். வர்றப்ப எதிர்காத்து, ரெண்டு மணி நேரம் கூட ஆகும்." நூலின் நடுவில் விரலை வைத்தபடி அவள் கேட்கிறாள்: "வர்றேன்னு சொன்னாளா?"