கைவேகம்

ஐஸில் கிடந்த இறாலை உரித்து உரித்து ஜெனிட்டாவின் விரல்கள் மரத்துப்போய், பிறகு சுருக்கென்று வலிக்கின்றன. காசிமேட்டு ஷெட்டின் தகர ஓட்டைகள் வழியே காலை வெயில் கூடைகள்மேல் பொட்டுப்பொட்டாக விழுகிறது. கொரோனாவுக்குப் பூட்டி ஒன்றரை வருஷம் கழித்து, தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் இன்று மணி அடிக்கிறது. அவள் எழுந்திருக்கிறாள்.

"எங்கடி கெளம்பிட்ட?" அம்மா பிலோமினா தலையைத் தூக்கவில்லை.

"தொறந்தா ஒன்பதாவதுக்கு அனுப்பறேன்னு நீதானம்மா சொன்ன?"

"சொன்னேன். உன் வேகம் இங்க யாருக்குக் கீது? நீ பள்ளிக்கூடத்துக்குப் பூட்டா தங்கச்சிங்க துன்றதுக்கு நான் எங்க போவேன்?"

சீக்கிரம் உரித்தால் சீக்கிரம் விடுவார்கள் என்று நம்பித்தான் ஜெனிட்டா அந்த வேகத்தைப் பழகினாள்.

"இன்னாமே கலெக்டரு, குந்து" என்று பக்கத்தில் உரிப்பவர்கள் சிரிக்கிறார்கள். அம்மா இன்னொரு கூடையை அவள் முன்னால் கொட்டுகிறாள். ஜெனிட்டா உட்காருகிறாள். அம்மா அவளுக்கு ஒன்பதாம் வகுப்பைப் பாக்கி வைத்திருக்கிறாள்.