பெண்டாட்டியைப் பேசியதற்கு

“ஒரே ஒரு அடிதாங்க ஐயா. அதுவும் கட்டின மனைவியைக் கேவலமாப் பேசின ஆத்திரத்துல விழுந்த அடி,” என்றாள் வக்கீல் சௌமியா.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த காளியாயிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

தன்னைப் பற்றிச் சேலம் கோர்ட்டில், நீதிபதிக்கு முன்னால், கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் இப்படிப் பேசுவாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அவள் புருஷன் பெரியண்ணன் ஜீப் டிரைவர். சேலத்து ஜீப் ஸ்டாண்டில் அருள்சாமி என்ற இன்னொரு டிரைவரை ஜாக்கி ராடால் அடித்துத் தாடையை உடைத்துவிட்டான். கீழ்க் கோர்ட்டு ஐந்து வருடம் போட்டது. அதைக் குறைக்கச் சொல்லித்தான் இந்த அப்பீல்.

மலைமேல் இருக்கிற அவள் ஊரான நாகலூரில் யாரைக் கேட்டாலும் ஐந்து வருடம் அநியாயம் என்பார்கள். அப்படிச் சொல்ல வைத்தது காளியாயிதான். பஸ்ஸில், ரேஷன் கடையில், காப்பிப் பழம் பறிக்கிற இடத்தில், ஆள் கிடைத்தால் போதும், பிடித்துக்கொள்வாள். கொலை செய்தவனெல்லாம் வெளியில் வந்து டீ குடிக்கிறான், ஒரு தாடைக்கு ஐந்து வருடமா என்பாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லாத மனுஷன், அவளை ஒருவன் பேசிவிட்டான் என்று ஜெயிலுக்குப் போயிருக்கிறான். பெருமை இருக்காதா?

அருள்சாமியை அவள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. பார்க்காதவனுக்குத் தன்னைப் பற்றிப் பேச என்ன இருந்தது என்று ஒருநாள் யோசித்தாள். ஸ்டாண்டில் சும்மா நிற்கிறவன் வாய்க்கு யார் கிடைத்தால் என்ன என்று விட்டுவிட்டாள்.

இலவச வக்கீல் கேட்டு எழுதிக் கொடு என்று ஜெயிலுக்குப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவனை நச்சரித்ததும் அவள்தான். எழுதிக் கொடுத்தான். ஆனால், கோர்ட்டுக்கு நீ வராதே, எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று போனில் இரண்டு தடவை சொன்னான். கைதி உடுப்பில் தன்னை அவள் நாலு பேர் நடுவில் பார்க்க வேண்டாமென்று நினைக்கிறான் போலிருக்கிறது என்று அதற்கும் உருகினாள். உருகிவிட்டு, காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

சுவரில் டிவி மாதிரி ஒரு திரை. ஜெயிலில் உட்கார்ந்தபடி பெரியண்ணன் அதில் தெரிந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. இளைத்திருந்தான்.

அவனை நம்பி மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருப்பதாகச் சௌமியா அடுத்துச் சொன்னாள். பெரியது இப்போதுதான் இரண்டாம் வகுப்புப் படிக்கிறதாம்.

காளியாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு இருப்பது ஒரே பையன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மீசைகூட வைத்துவிட்டான். வக்கீல் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே சொல்லத்தான் செய்வார்கள். மீசை வைத்த பையனை இரண்டு பெண்ணாக்கினால்தான் புருஷன் வீட்டுக்கு வருவான் என்றால் தாராளமாக ஆக்கிக்கொள்ளட்டும்.

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். மனைவி வந்திருக்கிறாரா என்று கேட்டார்.

காளியாயி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்து கும்பிட்டாள்.

சௌமியாவின் கை அவள் பக்கம் நீளவில்லை. முன் வரிசையைக் காட்டியது. அங்கே ஒருத்தி ஏற்கெனவே எழுந்து நின்றாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிறுமிகள், தலைக்கு எண்ணெய் வைத்து, ஒரே துணியில் தைத்த பாவாடையோடு.

அட, ஆளையே பிடித்து வந்து நிறுத்திவிட்டாளே, கெட்டிக்காரி என்று காளியாயி முதலில் அசந்துதான் போனாள்.

சின்னது திரையைப் பார்த்துக் கையை ஆட்டி, “அப்பா” என்றது.

குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. பெரியண்ணன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு அவனிடம் இருப்பதே காளியாயிக்குத் தெரியாது.

காளியாயி அந்தப் பிள்ளைகளை மறுபடி பார்த்தாள். பெரிய பெண்ணுக்கு அவன் மூக்கு. அவள் மாமியாரின் மேடிட்ட நெற்றி. ஆளைப் பிடித்து வந்து நிறுத்தினால் நெற்றியுமா கூடவே வரும்?

வாரத்தில் பாதி நாள் மலையில் பனி, ஜீப்பில் பிரேக் சரியில்லை என்று சேலத்திலேயே தங்கிவிடுவான். பாவம், வண்டிக்குள்ளேயே தூங்குகிறானே என்று அவனுக்குப் புதுக் கம்பளி வாங்கிக் கொடுத்திருந்தாள்.

அருள்சாமி பேசியது முன் வரிசையில் நிற்கிற இவளைத்தான். பெரியண்ணன் ராடைத் தூக்கியதும் இவளுக்காகத்தான். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்த ஒரு அடியில் காளியாயிக்குப் பங்கே இல்லை.

இன்னொரு குடும்பம் இருப்பதுகூட அப்புறம்தான் உறைத்தது. முதலில் வலித்தது அந்த அடிதான்.

முன் வரிசைக்காரி உட்கார்ந்துவிட்டாள். காளியாயிக்கு உட்காரத் தோன்றவில்லை. கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பின்னால நிக்கிறவங்க யாரும்மா? இந்தக் கேஸுல ஏதாச்சும் சொல்லணுமா?”

சௌமியா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் அவள் யாரென்று தெரியவில்லை.

யாரென்று காளியாயியும் சொல்லவில்லை.

“அஞ்சு வருசம் நொம்பக் கம்மிங்கய்யா.”

குரலைக் கேட்டதும் திரையில் பெரியண்ணனின் சிரிப்பு நின்றது.