முகம் பொருந்துகிறது

முகத்தை மெதுவாக இடப்பக்கம் திருப்பச் சொன்னது அலைபேசி. திருப்பினாள்.

வலப்பக்கம் என்றது. அதையும் செய்தாள்.

பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அவள் இப்படிக் கழுத்தைத் திருப்புவது இது நான்காவது முறை. முந்தைய மூன்று முறையும் முகம் தெளிவாக இல்லை என்று சொல்லிவிட்டது.

பின்சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கழுத்து சுளுக்கா?"

"நான்தான் நான்னு நிரூபிச்சுட்டிருக்கேண்ணே."

போன வாரம் அந்தப் பின்சக்கரத்தைத்தான் படம் எடுத்துத் தன் முகநூல் பக்கத்தில் போட்டிருந்தாள். மழுமழுவென்று தேய்ந்துபோன டயர். 'இதில்தான் தினமும் நாற்பத்திரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறேன். மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

பெற்றோர்கள் கொதித்தார்கள். பேருந்து நிறுவனத்தின் மேனேஜர் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நேற்றுக் காலை பார்த்தால் கணக்கு அவள் கையில் இல்லை. பாஸ்வேர்ட் செல்லவில்லை. கணக்கோடு இணைத்திருந்த தொலைபேசி எண்கூட மாறியிருந்தது. டயர் படத்தைக் காணோம். அந்த இடத்தில், அவள் பெயரில், ஒரு மன்னிப்பு.

'பழைய படத்தைப் போட்டு எல்லோரையும் பயமுறுத்திவிட்டேன். நான் சொன்னது பொய்.'

இன்று காலை பிள்ளையை ஏற்றிவிட வந்த ஒரு தாய், இவள் வணக்கம் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கணவனுக்கும் அதே நிறுவனத்தில்தான் வேலை. அலுவலகத்தில் உட்கார்ந்து வண்டிகளுக்கு நேரம் போட்டுக்கொடுப்பவன். எவனோ வேலைவெட்டி இல்லாதவன் செய்திருப்பான், போனது போகட்டும், விட்டுத்தொலை என்றான்.

அவளால் விட முடியவில்லை. கணக்கை மட்டும் திருடியிருந்தால் விட்டிருப்பாள். திருடியவன் அவள் வாயாலேயே அவளைப் பொய்க்காரி ஆக்கியிருந்தான்.

அலைபேசி அதிர்ந்தது.

முகம் பொருந்துகிறது.

புது பாஸ்வேர்ட் போட்டாள். இந்தக் கணக்கு திறந்திருக்கும் மற்ற இடங்களிலிருந்தெல்லாம் வெளியேற்றவா என்று கேட்டது. யார், எங்கே என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. ஆமாம் என்பதை அழுத்தினாள். ஒருமுறை போதாதென்று இன்னொரு முறையும் அழுத்தினாள்.

மன்னிப்பை அழித்தாள்.

கீழே இறங்கினாள். மெக்கானிக்கைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, டயருக்குப் பக்கத்தில் தன் முகத்தையும் வைத்துப் புதிதாக ஒரு படம் எடுத்தாள். வண்டி எண், இன்றைய தேதி, இப்போதைய நேரம் எல்லாம் எழுதிப் போட்டாள்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கணவன் அழைத்தான். வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிறவனைப் போல இருந்தது குரல்.

"பாஸ்வேர்ட மறுபடி மாத்திட்டியா? உள்ள போக முடியலையே. சீக்கிரம் சொல்லு, மேனேஜர் பக்கத்துலயே நிக்கிறாரு."

மெக்கானிக் ஏதோ கேட்டார். அது அவள் காதில் விழவில்லை.

பிறகு சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஆமா, மாத்திட்டேன்," என்றாள் அலைபேசியில். "ஸ்பீக்கர்ல போடுங்க. அவர்கிட்ட நானே பேசுறேன்."