இருபதாவது பொட்டலம்

"தப்பு என்னோடதுதான் டாக்டர். போட்ட மாத்திரையைப் போடலைன்னு நினைச்சு மறுபடியும் போட்டுக்கிட்டேன். காலையிலயும் ரெட்டை, சாயங்காலமும் ரெட்டை. ஆறு நாள் மாத்திரை மூணே நாள்ல காலி."

ரயில் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் அறிவிப்பாளராக இருந்தவர். தன் குற்றத்தையும் வண்டி வருவதைச் சொல்கிற தோரணையில்தான் அறிவித்தார். பக்கத்தில் நின்ற மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அது புற்றுநோய் மாத்திரை, பெப்பர்மின்ட் இல்ல. இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா முறிவு மருந்து குடுத்தும் பிரயோஜனம் இருந்திருக்காது."

இருபது பொட்டலம். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. குருணை மருந்தை ஆப்பிள் மசியலில் கலந்து, மெல்லாமல் விழுங்கி, மேலே ஒரு டம்ளர் தண்ணீர். ஒன்றுகூடத் தவறக் கூடாது. தவறினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. முதல் நாலு மருத்துவமனையில், மிச்சம் வீட்டில்.

மகள் தொலைபேசியில் பொரிந்து தள்ளினாள். "அப்பா, உங்களை நம்ப முடியாது. இனிமே எல்லா மருந்தும் அம்மா கையாலதான்!"

"உத்தரவு" என்றார்.

பொட்டலங்களைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். கேட்டால், "களவு போயிடும்." கைக்கடிகாரம் கத்தும்போது ஒன்றை எடுத்து நீட்டுவார். மனைவி கலந்து ஊட்டுவாள். காலி உறையையும் கேட்டு வாங்கிக்கொள்வார். "நினைவுச் சின்னம்."

"இது எத்தனாவது?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"எண்ணி ஏலம் விடப் போறீங்களா? வாயைத் திறங்க. மூணாம் நடைமேடைக்கு வர்ற வண்டியை அஞ்சுன்னு அறிவிச்சு, நாற்பது பேரை மூட்டை முடிச்சோட ஓட விட்டவர்தானே நீங்க! உங்களுக்கு எண்ணிக்கை ஒரு கேடு."

"அன்னிக்குத்தானே உன்னை முதல்ல பார்த்தேன்."

"நாலே கால் வண்டி. நீலச் சட்டை போட்டிருந்தீங்க. மேலேயிருந்து ரெண்டாவது பட்டன் இல்லை. விசாரணை ஜன்னல்ல வேலைக்கு உட்கார்ந்திருந்த நான் அறிவிப்புக்கு எழுதிக் குடுத்த சீட்டை வாங்கிட்டு, நன்றிகூடச் சொல்லாம என்னையே பார்த்துக்கிட்டு நின்னீங்க."

"சொன்னேன். மைக் அணைஞ்சிருந்துச்சு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு குருணை சுலபமாக இறங்கியது. அடுத்த வேளையும் அதே வண்டி, அதே சட்டை. முதல்முறை கேட்பவர்போல் கேட்டார்.

மூன்றாம் நாள், கடிகாரம் கத்தாமலேயே கிண்ணத்தோடு வந்து நின்றாள். "பொட்டலம் எங்கே?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மருந்து உள்ளே போய் ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"முதல்ல வெறும் மசியலைக் குடு. நல்ல பசி" என்று கிண்ணத்தை வழித்துத் தின்றார்.

ஆறாம் நாள் மதியம் கடிகாரம் கத்தியது. அவள் கலந்து, கரண்டியை நீட்டினாள்.

"இது எத்தனாவது?"

கரண்டி பாதி வழியில் நின்றது. இந்தத் தடவை வண்டியும் வரவில்லை, நீலச் சட்டையும் வரவில்லை.

"தெரியலைங்க" என்றாள். "அந்தப் பட்டன்கூட ஞாபகம் இருக்கு. இன்னிக்குக் காலையில உங்களுக்கு மருந்து குடுத்தேனான்னு ஞாபகம் இல்ல. அந்த மாத்திரையை ரெண்டு ரெண்டு தடவை உங்க கையில வெச்சதும் நான்தானே? சீட்டுல மூணுக்குப் பதிலா அஞ்சுன்னு எழுதிக் குடுத்ததும் நான்தான். அன்னிக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட 'தப்பு என்னோடது'ன்னுதான் சொன்னீங்க."

"நீ கையில வெச்சதை நான் என்னிக்குமே எண்ணிப் பார்த்ததில்ல. அப்போ தப்பு என்னோடதுதானே?"

தலையணைக்கடியிலிருந்து சின்னக் கட்டு ஒன்றை எடுத்தார். ரப்பர் பேண்ட் போட்ட காலி உறைகள். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் தேதி, நேரம், எண். கடைசி உறையில் பத்தொன்பது.

"இது இருபது" என்றார். "எண்ணுறது இனிமே என் வேலை. நீ அந்த நாலே கால் வண்டியை முதல்லேர்ந்து சொல்லு."