அடிக்குரல்

"கடைசி வரிசை உயிரோட இருக்கா, இல்லையா?"

பாட்டு வாத்தியார் குச்சியால் மேசையைத் தட்டினார்.

பம்ப் தொழிற்சாலை ஊழியர்களின் சேர்ந்திசைக் குழு அது. கடைசி வரிசையில், தாழ்ந்த கனத்த குரலில் பாடவேண்டிய அடிக்குரல்காரர்கள் நால்வர். மறுநாள் ஆண்டுவிழா.

"சார், இத்தனை வருஷம் நல்லாத்தானே பாடினோம்?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"இப்ப அந்தக் குரல் எங்கேய்யா? வாய் மட்டும் மீன் மாதிரி திறந்து மூடுது!"

பாய்லர்காரருக்குப் பகீரென்றது. வாத்தியார் பார்த்தது தன் வாயைத்தான்.

அவருக்குப் பாட்டென்றால் உயிர். பாய்லர் இரைச்சலுக்குள் தொண்டை கிழியப் பாடுவார். பாய்லர் இதுவரை குறை சொன்னதில்லை. நாலு பேர் குரலோடு தன் குரலும் கலப்பதை ஒரு தரம் கேட்டுவிட வேண்டும். அந்த ஏக்கத்தில்தான் குழுவில் சேர்ந்தார். முதல் நாளே ஸ்டோர் கீப்பர், "யாருண்ணே அது, காலி டிரம்மை உருட்டுறது?" என்றார். குழுவே சிரித்தது.

அன்றிலிருந்து வாயசைப்பதோடு சரி. ஒருவர் இல்லாததை மற்றவர் மறைப்பதற்குத்தானே சேர்ந்திசை என்று பெயர்? மற்ற மூவரும் பாடுகிறார்கள், போதும். வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குத் தவறாமல் வந்து, பாடாமல் திரும்புவார்.

"நாளைக்கு உங்க பகுதியே வேண்டாம்" என்றார் வாத்தியார். "நாலு பேரும் கீழே உட்கார்ந்து கைதட்டுங்க."

தன்னால் மூன்று பேருக்குத் தண்டனையா? பாய்லர்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

"அவங்க மேல தப்பில்ல சார். நான்தான் பாடறதில்ல. சேர்ந்த நாள்லேர்ந்து வாயை மட்டும்தான் அசைக்கிறேன்."

வாத்தியார் குச்சியை அவர் பக்கம் நீட்டினார்.

"ஏன்யா?"

"என் குரல் எனக்கே பயம் சார். சிரிப்பாங்க. ஆனா பாடணும்கிற ஆசை போகமாட்டேங்குது. அதான் வராமலும் இருக்க முடியல."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாய்லர்காரர் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார். ஸ்டோர் கீப்பர் அவர் கையைப் பிடித்தார்.

"இருங்கண்ணே." வாத்தியார் பக்கம் திரும்பினார். "சார்... நானும் அசைக்கிறதுதான். அண்ணன் பாடறார்ங்கிற தைரியத்துல இருந்துட்டேன்."

"அடப்பாவிகளா!" என்றார் வாட்ச்மேன். "நீங்க மூணு பேரும் பாடறீங்கன்னுல்ல நான்..." பாதியில் நிறுத்தி, பக்கத்திலிருந்த டைப்பிஸ்ட்டைப் பார்த்தார். டைப்பிஸ்ட் தரையைப் பார்த்தார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அப்போ," பாய்லர்காரர் மெதுவாகக் கேட்டார், "இத்தனை வருஷமா எங்க காதுல விழுந்தது யார் குரல் சார்?"

வாத்தியார் குச்சியைக் கீழே வைத்தார்.

"சபைக்கு முதுகைக் காட்டி நிக்கிறவன் வாயை யாருய்யா பார்க்கிறா? நீங்களும், சொல்லிக்கொடுக்க வாயசைக்கிறேன்னு நினைச்சுட்டீங்க. ஆசையா வர்றவங்களைப் போகச் சொல்ல மனசு வரல. உங்க நாலு பேருக்கும் சேர்த்து நானே பாடிட்டேன். போன வாரம், இனிமே பாடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."